எழுதாத பேனா
(பொன்விழா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மையில் ஒரு தாய் என்னிடம் ஒரு பேனாவைக் கொண்டுவந்தார். “மகன் பையில் இருந்தது, எழுதவில்லை, மாம்பழ வாசனை வருகிறது” என்றார். அது பேனா அல்ல. ‘வேப்’ எனப்படும் மின் சிகரெட். “வெளியில் சொன்னால் பையனைப் போலீஸ் பிடிக்குமோ?” என்று அழுதார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அதில் நெருப்பில்லை, சாம்பலில்லை. உள்ளிருப்பதோ புகையிலையின் நஞ்சாகிய நிக்கோடின். வெறும் நிக்கோடின் தொண்டையைக் கமறச் செய்யும். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக்கினால் காரம் தெரியாமல் இறங்கும். ‘நிக்கோடின் உப்பு’ என்றே அதற்குப் பெயர். நம் அளத்து உப்பு கருவாட்டைக் கெடாமல் காக்கிறது. அந்த உப்போ பிள்ளையை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்து பெரியவர்களுக்கு இதை விற்க அனுமதித்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை மட்டும் 2025 ஜூனில் தடை செய்தது. நம் நாடோ 2019-லேயே முழுவதும் தடை செய்துவிட்டது. விற்றாலும் விளம்பரம் செய்தாலும் முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

சட்டம் மட்டும் போதுமா? 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நேர்ந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. கள்ளச்சாராயத்திற்கும் தடை இருந்தது. ஆயினும் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தடை ஏட்டில் இருந்தால் போதாது. ஊரின் கண்ணும் விழித்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே! 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பவனையும் பதுக்குபவனையும் தண்டிக்கிறது. இழுத்தவனுக்கென்று அதில் தண்டனை கூறப்படவில்லை. ஆகவே மானத்திற்கு அஞ்சி மூடி மறைக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். “எங்கே வாங்கினாய்?” என்று அன்போடு கேளுங்கள். விற்றவனைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். சார்பு ஆய்வாளருக்குச் சோதனையிட அதிகாரம் உண்டு. பள்ளியருகே உள்ள கடைகளைக் கவனியுங்கள். பிள்ளையால் விடமுடியவில்லையா? 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும்.

யூபிலி என்பது பழங்காலத்தில் அடிமைகள் விடுதலை பெற்ற ஆண்டு. நம் பங்கில் ஒரு பிள்ளையாவது இந்த அடிமைத்தனத்திலிருந்து மீளுமானால், நமது பொன்விழா பொருளுள்ளதாகும்.