மணிக்குப் பிறகு வந்த சிட்டு

(ஒட்டன்சத்திரத்தில் நடந்த குறுவளமைய ஆசிரியர் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு பேசச் சொல்லி என்னை மாட்டிவிட்டிருக்கிறார்கள். காலையில் பேசியவர்கள் எண்ணும் எழுத்தும் பற்றியும் பயிற்சி நூல் பற்றியும் பேசிவிட்டார்கள். நான் எங்கள் வீட்டு நாயைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். நானும் ஒருமுறை இப்படித்தான் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நாட்டு நாய்தான், பழுப்பு நிறம். பதின்மூன்று வருடம் எங்களோடு இருந்தது. என் மகள் தவழும்போது அதன் காதைப் பிடித்து எழுந்து நிற்பாள், அது அசையாமல் நிற்கும். என் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். கேரளா லோடு ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிடும். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே மணி எழுந்து கதவருகே போய்விடும். கடைசி ஒரு வருடம் அதற்குக் காது கேட்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்து போய் நின்றது. சிறுநீரகம் பழுதாகி, போன ஆடி மாதக் கடைசியில் இறந்தது. முருங்கைத் தோட்டத்து ஓரம் வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

அன்று இரவு எங்கள் மாமா, என் வீட்டுக்காரரின் அப்பா, வழக்கம்போல் சோற்றில் பால் ஊற்றிப் பிசைந்து கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். போன பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். மறுநாளும் அதையே செய்தார். பத்து நாளைக்கு மேல் இது நடந்தது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். விடுப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். ‘காய்ச்சல் காரணமாக’ என்று எழுதியிருந்தாள். “காய்ச்சல் இல்லையேம்மா” என்றேன். “நாய் செத்துப்போச்சுன்னு எழுதுனா கிளாஸ்ல சிரிப்பாங்கம்மா” என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். போட்ட கை எனக்கு நடுங்கியது. ஏனென்றால் அந்த ஜூன் மாதம் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது காரணம் கேட்டேன். “எங்க நாய் லாரியில அடிபட்டுச் செத்துருச்சு டீச்சர்” என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “சரி சரி, உட்காரு, கணக்கு நோட்டை எடு” என்றேன். அவன் உட்கார்ந்தான், நோட்டை எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளும் ‘வ.இ.’ என்று இருக்கிறது.

கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் இதைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். ஒருவருக்கு உண்மையாகவே துக்கம் இருக்கும், ஆனால் சுற்றியிருப்பவர்கள் அதைத் துக்கமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வளர்ப்புப் பிராணியின் இறப்பும் அதில் சேரும். அழ இடம் இல்லாத அழுகை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பெரியவர்களுக்கு நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், டீ வாங்கித் தருவார்கள். நாய் செத்த பிள்ளையிடம் யார் வந்து விசாரிக்கிறார்கள்?

நம் முன்னோர் இவ்வளவு மோசமாக இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் எடுப்பவர்கள் நடுகல் பாடம் நடத்தும்போது எடுத்தனூர்க் கல்லைச் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் தோட்டத்தில் கிடந்த ஒரு பலகைக்கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நட்டுவிட்டு வந்தார். எழுபத்திரண்டு வயதில் எதற்கு இதெல்லாம் என்று அத்தை சத்தம் போட்டார். அதற்குப் பிறகு பால் சோறு பிசைவது நின்றது.

“உடனே இன்னொரு குட்டி வாங்கிடுங்க, மறந்துடும்” என்று பலர் சொன்னார்கள். இந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கும் கிடையாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் சரி என்று சொல்ல வேண்டும், அதிலும் அதிகம் அழுத ஆள் சரி என்று சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளைக்கு ஆச்சரியப் பரிசாகக் குட்டி வாங்கித் தருவதை நான் ஒப்ப மாட்டேன். அது பிள்ளைக்கும் நல்லதில்லை, குட்டிக்கும் நல்லதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது திட்டம் போட்டு வந்ததில்லை. தீபாவளி முடிந்த மறுவாரம், மார்க்கெட்டில் லாரி நிற்கிற இடத்தில் மழையில் நனைந்து ஒரு குட்டி கிடந்ததாம். வீட்டுக்காரர் தக்காளிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். “ரெண்டு நாள் வச்சிருந்து யாருக்காவது குடுத்துடலாம்” என்றார். மகள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலாம் நாள் அவளே வந்து, “இது பொட்டக் குட்டிம்மா, யாரும் வாங்க மாட்டாங்க, இங்கேயே இருக்கட்டும்” என்றாள்.

மாமா அதையும் மணி என்றே கூப்பிடலாம் என்றார். மகள் ஒப்பவில்லை. “மணி மணிதான் தாத்தா. இது வேற ஆளு.” சிட்டு என்று பெயர் வைத்தாள்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, பழைய நாய் எதனால் இறந்தது என்பது. நான் வியந்தேன். பார்வோ என்ற வைரஸ் நோயால் இறந்திருந்தால் அந்தக் கிருமி மண்ணிலேயே பல மாதம், சில இடங்களில் ஒரு வருடம்கூட, உயிரோடு இருக்குமாம். தடுப்பூசி போடாத குட்டியை அந்த வீட்டுக்குள் விட்டால் ரத்தக் கழிச்சல் வந்து சில நாளில் போய்விடும். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நோய் அது. மணிக்கு வந்தது அதுவல்ல என்பதால் தப்பித்தோம். குட்டிக்குக் குடற்புழு மருந்து கொடுத்தார், முதல் தடுப்பூசி போட்டார். வெறிநாய்க்கடி ஊசிக்கு மூன்று மாதம் நிறையட்டும் என்று தேதி குறித்துக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார்: வெங்காயம், பூண்டு போட்ட எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது, ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். சின்ன வெங்காயம் இல்லாமல் நம் ஊரில் எந்தக் குழம்பு இருக்கிறது? பதின்மூன்று வருடம் மணிக்குச் சாம்பார் சோறு போட்டவர்கள் நாங்கள்.

சிட்டுவின் ஆட்டத்தை நான் எப்படிச் சொல்ல! காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். செருப்பு, துடைப்பம், கொடியில் தொங்கும் துணி, மாமாவின் கண்ணாடிக் கூடு, கடைசியாக என் பாடக்குறிப்பேடு. தலைமையாசிரியர் கையெழுத்துக்கு ஓரம் கடிபட்ட குறிப்பேட்டைத்தான் நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். குட்டிக்கு 28 பால் பற்கள். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைக்கின்றன. ஈறு ஊறுகிற வேதனையில் கிடைத்ததைக் கடிக்கும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. ஆனால் அன்றாடம் என் வாயில் வந்தது வேறு: “மணி இப்படியா இருந்துச்சு? மணி ஒரு நாள் எதையாவது தொட்டிருக்குமா?”

ஒரு நாள் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல், “மணி குட்டியா வந்தப்ப உன் பி.எட். சான்றிதழ் நகலைக் கிழிச்சுது, மறந்துட்டியா?” என்றார். மறந்துதான் போயிருந்தேன். பன்னிரண்டு வயது மணியை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டரை மாதக் குட்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இரவு எனக்கு நம் ஜூன் மாத ஆசிரியர் அறைப் பேச்சுதான் காதில் கேட்டது. “போன வருஷ செட் எப்படி இருந்தாங்க, இதுங்க வாலுங்க டீச்சர்.” போன வருடப் பிள்ளைகள் என்று நாம் சொல்வது மார்ச் மாதத்துப் பிள்ளைகளை. பத்து மாதம் நாம் கூடவே இருந்து பழக்கிய பிள்ளைகள். அவர்களை ஜூன் மாதம் முதல் வாரத்தில் உள்ளே வருகிறவர்களோடு ஒப்பிடுகிறோம். அதே செட்டை அதற்கு முந்தைய ஜூனில் நாம் என்ன சொன்னோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் வீடு எங்கள் தெருவுக்குப் பின்னால். ஆடிக்குப் பிறகு ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, “ஜூன்ல உன் நாய் செத்தப்ப டீச்சர் சிரிச்சுட்டேன், தப்பு” என்றேன். “பரவால்ல டீச்சர்” என்று ஓடிவிட்டான். சிட்டு வந்த பிறகு மாலையில் அதோடு விளையாட வர ஆரம்பித்தான்.

கார்த்திகையில் ஒரு காலை. எழுதும்போது இடது கையை மேசைக்கு மேல் வைக்காமல் இருந்தான். கேட்டால் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றான். கையைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரலுக்குக் கீழே மஞ்சள் பூசி ஒரு துணிக்கிழிசல் சுற்றியிருந்தது. அவிழ்த்தால் இரண்டு பல் தடம். முந்தின நாள் மாலை விளையாட்டில் சிட்டு கடித்திருக்கிறது, ரத்தமும் வந்திருக்கிறது. வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. “ஏன்டா சொல்லல?” என்றேன். “சொன்னா சிட்டுவைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுருவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்.”

சிட்டுவுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடும் தேதி வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

குழாயடியில் வைத்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். ஒரு நாள் தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அவன் அம்மா மார்க்கெட்டில் இரவெல்லாம் காய் தரம் பிரித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர். எழுப்பி அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். தடுப்பூசி அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். குட்டியைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள்.

வீட்டுக் குட்டிதானே, சின்னப் பல்தானே என்று அங்கே வந்திருந்த ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, ஊசி போடாத குட்டி அது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. அறிகுறிக்கு முன் ஊசி முறையாகப் போட்டுவிட்டால் தப்பிவிடலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்த ஊசியைப் போடச் செய்தது ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. அவன் பிழைத்தான், வளர்ந்து பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளாக வேலை பார்த்தான். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. செப்டம்பர் 28, பாஸ்டர் இறந்த நாள்தான் உலக ரேபிஸ் தினம். வழிபாட்டுக் கூட்டத்தில் நானும் ஒவ்வொரு வருடமும் இதை வாசித்திருக்கிறேன். என் தவறு என்னவென்றால், கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லிக்கொடுத்தேன், ‘சொன்னால் உன்னையும் திட்ட மாட்டோம், நாயையும் விரட்ட மாட்டோம்’ என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் கடியை மறைப்பதே இந்த இரண்டு பயத்தில்தான்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. சிட்டு மட்டும் நன்றாகத் தூங்கியது, குட்டிகள் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். அத்தை அதன் தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், “குடிச்சுருச்சு, குடிச்சுருச்சு” என்று வந்து சொல்வார். பத்தாம் நாள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது முதன்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை. அதன்பின் அதற்கும் ஊசி போட்டாயிற்று.

பையனுக்கு நாலு ஊசிக்கும் நானே கூட்டிப்போனேன். அவன் அம்மாவுக்கு இரவு வேலை, பகல் தூக்கம் கெட்டால் மறுநாள் கூலி போகும். இரண்டாவது ஊசிக்குப் போனபோது பேருந்தில் அவனாகவே அவன் நாயைப் பற்றிப் பேசினான். அதன் பெயரும் மணிதானாம். ஜூனில் நான் பெயர்கூடக் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் மாமா ஒரு பழைய துணியைக் கயிறாக முறுக்கிக் கொடுத்து, “இனி கையைக் குடுக்காதே, இதைக் குடு. அப்பவும் கையைக் கவ்வுனா எந்திரிச்சுத் திரும்பி நின்னுக்க, அதுவே விட்டுரும்” என்று சொல்லிக்கொடுத்தார். இப்போது என் வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதும் பயிற்சியில், ஆடு செத்தது, கோழி செத்தது, பூனை காணாமல் போனது எல்லாமே காரணங்களாக வருகின்றன. ஒன்றிரண்டு பொய்யாகவும் இருக்கும். இருக்கட்டும்.

சிட்டுவுக்கு இப்போது ஏழு மாதம். மணிக்கு வைத்த அலுமினியத் தட்டு இன்னும் கொல்லைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது, மாமா அதை எடுக்க விடவில்லை, சிட்டுவுக்குத் தனித் தட்டு. கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், நானும் பார்த்தேன், மூன்றரை ஆகிறது. இன்று வரும்போது புதுச் செருப்பை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் பழையதைப் போட்டுக்கொண்டு வந்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலை வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று இப்போதுதான் நினைவு வருகிறது.