கட்டட அனுமதி ஓர் அமானிதம்

 

புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டும்போது துஆச் செய்ய நம்மை அழைக்கிறீர்கள். நாமும் மகிழ்வுடன் வருகிறோம். ஆனால், "கட்டட அனுமதி பெற்றாயிற்றா?" என்று ஒரு நாளும் நாம் கேட்டதில்லை. அது நம் குறையே. இன்று அதைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர் இதனால் பயன்பெறலாம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றைப் பதிந்து கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டிக் கள ஆய்வு இல்லை. கடைக்கும் மதரஸாவுக்கும் பள்ளிவாசலுக்கும் இது பொருந்தாது; அவற்றுக்கு வழக்கமான முறையிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

அன்பர்களே! அதிகாரி வந்து பார்க்குமுன், "விதிப்படியே கட்டுவேன்" என்று நாமே உறுதி கூறுகிறோம். மார்க்கத்தின் பார்வையில் அது சாட்சியமாகும். பிறகு, வரைபடத்தில் காட்டிய இடைவெளியை விழுங்கிச் சுவர் எழுப்பினால், அண்டை வீட்டாரின் காற்றையும் வெளிச்சத்தையும் பறித்தவர்களாவோம். கொடுத்த வாக்கையும் முறித்தவர்களாவோம். மழைநீர்க் குழியை வரைபடத்தில் காட்டிவிட்டுத் தோண்டாமல் விடுவதும் அவ்வாறே. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் தத்தளித்ததைக் கண்ட நாம், நீரின் வழியை அற்பமாக எண்ணலாமா?

காகிதம் மட்டும் உயிரைக் காக்காது என்பதற்கு மவுலிவாக்கம் சான்று. 2014 ஜூன் 28 அன்று அங்கு இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது. ஆயினும் 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். எஞ்சி நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகவே, அனுமதி கைக்கு வந்தவுடன் பொறுப்பு முடிவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது. மண்ணைச் சோதிப்பதிலும், தகுதியுள்ள பொறியாளரை வைத்துக்கொள்வதிலும், கம்பியிலும் சிமெண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி துஆவுக்கு அழைக்கும்போது அனுமதி ஆணையையும் காட்டுங்கள். நாமும் தயங்காமல் கேட்போம். நம் பள்ளிவாசலில் நடைபெறும் பணிகளிலும் நிர்வாகத்தாரிடம் இதையே கேட்போம்.

நம் இல்லங்களை நமக்கும், நம் அண்டை வீட்டாருக்கும், அவற்றைக் கட்டித் தரும் கரங்களுக்கும் பாதுகாப்பானவையாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.