பின் வாங்கில் இருப்பவர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டையடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நீரிழிவு பற்றிப் பேசும்படிதான் செயலாளர் கேட்டார். அதை நான் கிளினிக்கில் நாள்தோறும் பேசுகிறேன். கேட்டு நடப்பவர்கள் குறைவு. ஆகவே அவருடைய அனுமதியோடு வேறொரு விடயம். எங்கள் ஆலயங்களுக்குப் புதிதாக வருகிறவர்களை நாங்கள் எப்படி நடத்துகிறோம்?

பதினொரு வயதில் பெட்டியோடு விடுதிக்கு வந்தேன். மேற்றன் என்னை ஓர் அக்காவிடம் ஒப்படைத்தார். அந்த அக்கா வரவேற்புரை ஒன்றும் நிகழ்த்தவில்லை. கிணறு எங்கே, எந்த மணி எதற்கு, சாப்பாட்டு மேசையில் தனக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இரவு நான் அழுதபோது, ஏன் என்று கேட்காமல் தன் பாயை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். நாவற்குழிப் பாலத்தை நாங்களும் கடந்தோம். அடுத்த ஞாயிறு தென்மராட்சியில் ஓர் ஆலயத்துக்குப் போனோம். மாற்றுடுப்பு இல்லை, அம்மாவின் காலில் செருப்பும் இல்லை. வாங்கில் இருந்த ஓர் ஆச்சி நகர்ந்து இடம் விட்டார். ஆராதனை முடிய, "எத்தினை பேர் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் அவர் குசினியில் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள்.

"எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறதென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே அதை அறிந்துகொள்ள எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் வழி அது. ஆலய முற்றத்திலும் அது இன்றுவரை கேட்கிறது.

பின்னர் மேற்படிப்புப் பயிற்சிக்காக இங்கிலாந்தில் சில காலம் இருந்தேன். அங்கே நான் போன ஆலயத்தில் வாசலிலேயே சிரித்துக் கைகொடுத்து வழிபாட்டுத் தாளைத் தருவார்கள். ஏழு ஞாயிறு போனேன். ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையோடு அறிவித்தற் பலகையை வாசித்துக்கொண்டு நிற்பேன். யார் எந்த வாரம் பூ வைப்பது என்பது எனக்கு மனப்பாடம். ஊருக்குத் திரும்பியபின் அவர்களைக் குறைசொல்லித் திரிந்தேன்.

அந்தக் காலத்திற்தான் மலையகத்திலிருந்து ஓர் இளம் தாதி எங்கள் வாட்டுக்கு மாற்றலாகி வந்தார். எங்கள் ஆலயத்துக்கும் வந்தார். பின் வாங்கில் இருப்பார். ஆராதனை முடிய நாங்கள் பழைய மாணவிகள் வேப்பமரத்தின் கீழே கூடுவோம். எந்த வருடத்து பட்ச், எந்த இல்லம், எந்த ரீச்சர் எப்படி ஏசுவார், இதுதான் பேச்சு. அவர் சற்றுத் தள்ளி நிற்பார். நான் தலையாட்டுவேன். வாட்டில் நாள்தோறும் காண்கிறோமே என்று எனக்கு ஒரு நினைப்பு.

இரண்டு மாதத்தில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நீங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி, டொக்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எங்கள் சபைக்குப் பெருமையாக நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அடுத்தவரின் கையை இரு கைகளாலும் பொத்தி, கைக்குக் கை, முன்னிருந்து கடைசி வாங்குவரை அது போகவேண்டும். எங்களிடையே அது கூட்டாளிமாரைத் தாண்டுவதில்லை.

அதன்பின் நாங்கள் நாலைந்து பேர் விடுதி முறையைத் திரும்பக் கொண்டுவந்தோம். புதிதாக வருபவருக்கு ஓர் ஆள். ஆறு கிழமை அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், பாட்டுப் புத்தகத்தில் இலக்கம் எடுத்துக் கொடுக்கவேண்டும், ஒருநாளாவது வீட்டில் சாப்பாடு கொடுக்கவேண்டும். விசேட சமையல் வேண்டாம். கோழி அடித்தால் அவர் விருந்தாளியாகிவிடுவார். ஆராதனை முடிந்த முதல் பத்து நிமிடம் எங்களுக்குள் பேசுவதில்லை. பெயர் மறந்துபோனால் வெட்கப்படாமல் திரும்பக் கேட்பது. இரண்டாம் கிழமையே ஓய்வுநாட் பாடசாலையை அவர் தலையில் கட்டுவதும் இல்லை, அந்தக் கெட்ட பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் ஆறு மாதமாகியும் ஒரு வேலையும் கொடுக்காவிட்டால் அவர் இன்னும் பின் வாங்கிற்தான் இருக்கிறார். பத்து நிமிட ஒழுங்கை முதலில் மீறுவது பெரும்பாலும் நான்தான்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் தமிழ்ச் சபைகளிலும் எங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லி ஒரு வேப்பமரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

அந்தத் தாதி எங்களிடம் திரும்பி வரவில்லை. வேறொரு சபையில் பாடகர் குழுவில் இருக்கிறார். சென்ற வருடம் தன் மகனின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைத்தார். போய்ப் பின் வாங்கில் இருந்தேன். ஆராதனை முடிய எழும்பி வாசலுக்கு நடந்தபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "எங்க ஓடுறீங்க பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.