கன்றின் கழிச்சலும் நமது கடமையும்



பால்மரம் வெட்டி ஈட்டும் சம்பளத்துடன், இரண்டொரு கறவை மாடுகளையும் வளர்த்துக் குடும்பம் நடத்துவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இன்றைய கிடாரிக் கன்றே நாளைய கறவைப் பசுவாகும். அக்கன்றுக்குப் பிறந்த முதல் மாதமே பெரும் ஆபத்துக் காலம். அக்காலத்தில் கன்றுகளை மிகுதியாக வாட்டுவது கழிச்சல் நோயாகும்.

இளங்கன்றின் உடலில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. கழிச்சலின்போது அந்நீரும் உப்புகளும் விரைந்து வெளியேறுகின்றன. காலையில் இலேசாகக் கழிந்த கன்று மாலையில் எழ இயலாமற் போவது இதனாலேயே. ஆகவே, விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் கன்றை உற்று நோக்குதல் வேண்டும். வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதல் தகாது.

நலமுள்ள கன்று தாயைக் கண்டதும் எழுந்து, மடியை முட்டிப் பால் குடிக்கும். நோயுற்ற கன்றோ காது தொங்கி, தனித்துப் படுத்திருக்கும். வாலும் பின்கால்களும் நீர்த்த சாணத்தால் நனைந்திருக்கும். அதன் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் இரண்டு விநாடிக்கு மேல் மடிந்து நின்றாலும், கண்கள் குழி விழுந்தாலும் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அறியலாம்.

கழிச்சல் கண்டவுடன் பாலை நிறுத்திவிடுவது சிலரது வழக்கம். அது தவறு. பால் நின்றால் கன்று மேலும் மெலியும். வழக்கம்போல் பாலூட்டுங்கள். இடைவேளைகளில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, வெதுவெதுப்பாகக் குடிக்கச் செய்யுங்கள். இதனைப் பாலுடன் கலக்கலாகாது. நாம் மரம் வெட்டச் சென்றிருக்கும் வேளையில், வீட்டிலிருப்பவர் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தல் நலம்.

கன்று எழ முடியாமலோ, பால் சப்ப முடியாமலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். வாய் சில்லிட்டிருந்தாலும், சாணத்தில் இரத்தம் கண்டாலும், உடல் வெப்பம் 39.5 பாகை செல்சியசுக்கு மேல் ஏறினாலும், மூச்சு வாங்கினாலும் மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்திற்கு அன்றே தெரிவியுங்கள். மனிதருக்கு வாங்கிய மாத்திரையில் மிஞ்சியதைக் கன்றுக்குப் புகட்டாதீர்கள்.

நோயுற்ற கன்றைத் தனியே கட்டுங்கள். அதனைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளுட் சில நம் குழந்தைகளையும் பற்றக்கூடியவை.

வருமுன் காப்பது சீம்பால். பிறந்த ஆறு மணி நேரத்திற்குள் கன்று அதனைக் குடித்தாக வேண்டும். நேரம் செல்லச் செல்ல, அதிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தை ஏற்கும் ஆற்றல் கன்றின் குடலுக்குக் குறைந்துவிடும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு, முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தேவை. சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீட்டாருடன் பகிர்ந்துண்ணும் வழக்கம் நல்லதே; ஆனால் கன்று வயிறாரக் குடித்து மிஞ்சியதே நமக்குரியது. தொப்புள்கொடியில் அயோடின் தடவுவதும், கொட்டகைத் தரையை ஈரமின்றி வைப்பதும் உடன் செய்ய வேண்டியவை.

இவற்றுள் பெருஞ்செலவு தருவது எதுவுமில்லை. வேண்டுவது காலையில் சில நிமிடக் கவனமே. அதனைத் தவறாது அளித்து நம் கன்றுகளைக் காப்போமாக.