சேற்றில் வாழும் ஆதிகுடிகள்
(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தண்ணீர் நிற்கும் நெல்வயலின் சேற்றைச் சற்றே கீறிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் கனத்திற்குப் பழுப்பு நிறமான ஏடு படிந்திருக்கும். அதன் கீழுள்ள சேறு சாம்பல் நிறமாகவோ கருநீலமாகவோ இருக்கும். மேலேட்டில் பிராணவாயு உண்டு. கீழ்ச் சேற்றில் இல்லை. பூமியின் மிகப் பழைய வரலாறு ஒன்று இவ்விரண்டு அடுக்குகளில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதை அறிந்த விவசாயி உரத்திற்குச் செலவிட்ட பணத்தை வீணாக்கமாட்டார்.

பயிருக்கு நாம் இடும் தழைச்சத்தின் மூலம் நைட்ரஜன் என்னும் வாயு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. ஆயினும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் அல்லவா? நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பயிர் அதை நேராக உண்ண இயலாது. அப்பிணைப்பை அவிழ்க்கத் தொழிற்சாலையில் 400 டிகிரி அளவான வெப்பமும் பேரழுத்தமும் வேண்டும். ஜெர்மானிய அறிஞர்களான ஹேபர், பாஷ் ஆகியோர் வகுத்த முறையில் முதல் தொழிற்சாலை 1913-ல் இயங்கத் தொடங்கிற்று. அதே வேலையைச் சில நுண்ணுயிர்கள் வயலின் இயல்பான வெப்பத்திலேயே செய்துவிடுகின்றன. 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை இதைச் செய்ததற்கு அடையாளம் உண்டென, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாறைகளை ஆராய்ந்தவர்கள் 2015-ல் தெரிவித்தனர்.

அக்காலத்து ஆகாயத்தில் பிராணவாயு இல்லை. ஆகவே இந்த ஆதிகுடிகளின் கருவியும் காற்றில்லா உலகத்திற்கென்றே அமைந்தது. பிராணவாயு பட்டால் அது இன்றும் கெட்டுப்போகும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன், நீலப்பச்சைப் பாசிகள் வெளியிட்ட பிராணவாயு ஆகாயத்தில் நிலைபெற்றது. அப்போது ஆதிகுடிகளில் சில சேற்றுக்குள் ஒதுங்கின. அப்பாசிகளுள் பல, தடித்த சுவருள்ள தனி அறைகளை அமைத்துக்கொண்டு அவற்றினுள் வேலையைத் தொடர்ந்தன. நெல்வயலுக்குத் தழைச்சத்துச் சேர்ப்பதில் இப்பாசிகளுக்குள்ள பங்கை 1939-ல் எடுத்துக்காட்டியவர் வங்காளத்து விஞ்ஞானி டே.

வேறு சில, மிகப் பிற்காலத்தில் பயறுவகைச் செடிகளின் வேர்களில் குடிபுகுந்தன. உளுந்து அல்லது தக்கைப்பூண்டுச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடைபெறுகிறது. நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு உறவான ஒரு பொருள், அங்கே பிராணவாயுவை அளந்து கொடுத்து அந்நுண்ணுயிர்களைக் காக்கிறது.

பிராணவாயு வந்தபின் பெருகியவை புதுக்குடிகள். அவை காற்றுள்ள இடத்தில் மட்டும் அம்மோனியச் சத்தை நைட்ரேட்டாக மாற்றி வாழ்பவை. அவற்றைப் பிரித்தெடுத்து 1890-ல் விளக்கியவர் ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி. மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. காற்றில்லாத இடத்தில் நைட்ரேட்டிலிருந்து பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு, நைட்ரஜனை மீண்டும் ஆகாயத்திற்கே அனுப்புவது அதன் தொழில்.

இனி வயலுக்கு வருவோம். நிற்கும் தண்ணீரில் யூரியாவைத் தூவினால் என்ன நேரும்? அது அம்மோனியமாக மாறும். ஒரு பகுதி அப்போதே வாயுவாகிப் போகும். மேலேட்டிலுள்ள புதுக்குடிகள் மிச்சத்தை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. நீருடன் கீழ்ச் சேற்றில் இறங்கும். அங்கே மூன்றாவது கூட்டம் அதை வாயுவாக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய உரம் ஆகாயத்தில் கலந்துவிடும். அதே சத்து முதலிலேயே கீழ்ச் சேற்றில் சேர்ந்தால், காற்றில்லாத அவ்விடத்தில் புதுக்குடிகளுக்கு வேலையில்லை. அம்மோனியம் களிமண்ணைப் பற்றி நின்று பயிருக்கு உதவும்.

ஆகவே, அடியுரத்தைக் கடைசி உழவின்போது சேற்றில் கலந்துவிடுங்கள். மேலுரம் இடுமுன் நீரை வடித்து, பயிரின் தேவைக்கேற்பப் பல தவணையாக இடுங்கள். வேம்பு புதுக்குடிகளின் வேகத்தைத் தணிக்கும். இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015-ல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது இதற்காகவே. பசுந்தாள் உரத்திற்கு ஒரு பருவத்தில் இடம் கொடுத்தால், யூரியாச் செலவில் ஒரு பகுதியும் குறையும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. மணற்பாங்கான நிலத்தில் இறங்கும் நைட்ரேட் வயலோடு நிற்பதில்லை. ஊர்க் கிணற்றையும் அடையும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால், முதலில் துன்புறுவன கைக்குழந்தைகள். நைட்ரேட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, காய்ச்சினாலும் போகாது. ஆகவே ஊர்ப் பொதுக்கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதனைக்கு அனுப்புவதை உங்கள் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

இந்நுண்ணுயிர்கள் நமக்குப் பகையுமல்ல, அடிமையுமல்ல. தத்தம் இயல்பின்படி நடப்பவை. அவற்றின் இயல்பறிந்து உரமிடுவது நம் பொறுப்பு. அடுத்த முறை வயலில் இறங்கும்போது அந்தப் பழுப்பு ஏட்டைக் கண்ணால் பாருங்கள். உரத்தை எங்கே இடவேண்டும் என்பதை அதுவே சொல்லும்.