மறைப்பால் வரும் கேடு

(போளூரில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனைகளைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நோயின் கூறுபாட்டை மருத்துவர் அறிவர். ஆயின் நோயை மறைக்கச் செய்யும் சொற்களோ நம் வீட்டுத் திண்ணையிற் பிறக்கின்றன. அவற்றை ஆராய்தல் எனக்கும் உரியதே.

திண்டிவனத்தில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர் நிகழ்ந்ததொன்றைக் கேளுங்கள். ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் அங்குத் தம் பெற்றோருடன் இருந்த காலத்தில், ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத் துன்பத்திலிருந்த தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆயினும் ஆடவர் தம் மனைவியரைத் தொடலாகாதென்று அவரை அம்மூவரும் மறுத்துவிட்டனர். பெண்டிர் மூவரும் மாண்டனர். அத்துயரமே ஐடா அம்மையாரை மருத்துவராக்கிற்று. 1900-ஆம் ஆண்டில் அவர் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய பணியே பின்னர்ப் பெரும் மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்தது. அம்மூவரையும் கொன்றது பேற்று நோவு மட்டுமன்று, நாணத்தின் பெயரால் இட்ட தடையுமாகும்.

இன்று பெண் மருத்துவர் பலர் உளர்; ஆயினும் தடை நீங்கிற்றா? மார்பில் கட்டி தென்பட்டால் மகளிர் பலர் கணவரிடமும் கூறார். வலியில்லாமையால் தீங்கில்லை என்று எண்ணுவர். தொடக்கத்தில் வலியின்றி வருதலே இந்நோய்க்குப் பெரும்பாலும் இயல்பு. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதும் உண்மை. ஆயின் எது எதுவென்று கையாற் தடவி மட்டும் துணிய இயலாது. அதற்கே சோதனை வேண்டும்.

சோதனை மூன்று படிகளையுடையது. முதலாவது, மருத்துவர் மார்பையும் அக்குளையும் கையாற் சோதித்தல். இரண்டாவது, படம் எடுத்தல். மேமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளின் நடுவே சற்றே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சில நிமிடங்களில் முடியும். இளவயதினர்க்கு ஒலியலைகளால் எடுக்கும் ஸ்கேன் பெரிதும் உதவும். மூன்றாவது, மரத்துப்போக மருந்திட்டு, ஊசியால் சிறு சதைத் துணுக்கை எடுத்தல். அதனை மெழுகிற் பதித்து, மெல்லிய தகடுகளாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்பர். புற்றுநோயெனத் தெளிந்தால், எம்மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதறியவும் அத்துணுக்கையே மேலும் ஆராய்வர். ஆதலின் முடிவு வரச் சில நாட்கள் செல்லும். வள்ளுவர் மருந்ததிகாரத்தில் நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியைக் கூறிய முறையும் இஃதே.

‘ஊசி பட்டால் நோய் உடலெங்கும் பரவும்’ என்பது திண்ணைப் பேச்சு. அவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை. காலந்தாழ்த்தலே நோயைப் பரவ விடும்.

இனி, நம் சங்கம் நேராக விடை கூறவேண்டிய ஒன்று உண்டு. ‘செய்தி வெளிப்பட்டால் மகளின் சம்பந்தம் நின்றுவிடும்’ என்றஞ்சியே தாய்மார் பலர் வாய் திறவார். பெண் கொடுப்பதும் கொள்வதும் நமக்குள்ளேயே ஆதலின், அவ்வச்சத்தை உண்டாக்கினோர் அயலாரல்லர், நாமே. இந்நோயுற்றாருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்க்கே அது பரம்பரையாக வருகின்றது. அவ்வாறு வரினும், முன்னரே சோதித்துக் காக்கும் வழியுண்டு. தாயின் நோயைக் காரணங்காட்டி மணம் மறுப்பவர், அத்தாயைச் சாகுமளவும் மறைத்திருக்கச் சொல்பவராவர். இக்காரணத்தால் எச்சம்பந்தமும் தட்டலாகாதென்று சங்கம் தீர்மானம் செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் மறைத்து வைத்தாரல்லர். ஊரறியப் பேசி, பொருள் திரட்டி, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குவித்தார். ஒரு வீட்டின் துயரம் வெளிப்பட்டதால் பல்லாயிரம் வீடுகள் பயன்பெற்றன.

முப்பது வயது நிரம்பிய மகளிர்க்கு அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதற்சோதனை செய்வர். மேற்சோதனைக்குத் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ செல்லவேண்டின், கணவரோ மைந்தரோ உடன் செல்க. ஒருநாட் கூலி போகுமே என்று தயங்கும் குடும்பத்துக்கு வண்டிச் சத்தமும் அன்றைய உணவும் சங்க நிதியிலிருந்து அளிக்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பெண்டிர் எக்குலத்தவராயினும், அவர்களுக்கும் நம் இல்லங்களில் இராத்தங்க இடந்தருதல் அறமாகும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்போர் எனச் சிகிச்சைக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றும் இன்று கிடைக்கின்றன. நான்காவது உறுப்பு நாமே. முடிவுக்குக் காத்திருக்கும் அந்தச் சில நாட்களில், ‘என்ன வந்தாலும் நாங்கள் இருக்கின்றோம்’ என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குரல் எழுமாயின், இன்று கூடியதன் பயனைப் பெற்றவராவோம்.