காய்ச்சல் குறைந்த பின்னும் கொசுவைத் தேடுவோம்



இலங்கையில் 1963ஆம் ஆண்டு முழுவதும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். 1969இல் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. கொசு ஆய்வில் இறங்கும் எவரும் மறக்கக் கூடாத கணக்கு இது.

அந்தத் தீவு அதற்கு முன்பே மலேரியாவிடம் பேரிழப்பைச் சந்தித்திருந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் நீரோடும் களனி, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகிய ஆறுகள் வற்றி, மணற்படுகையில் குட்டை குட்டையாக நீர் தேங்கியது. வெயில் படும் அந்தத் தெளிந்த நீரில், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகியது. மழை வளம் மிக்க அந்தப் பகுதி மக்களின் உடலில் மலேரியாவை எதிர்க்கும் திறன் போதுமான அளவு இல்லை. வறட்சியால் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. மழை பெய்தால்தான் கொசு பெருகும் என்ற நம்பிக்கையை அந்தக் கொள்ளைநோய் பொய்யாக்கியது.

1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது; நோய் மளமளவென்று இறங்கியது.

அதற்கான காரணத்தை மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950களில் கணக்கிட்டு விளக்கினார். நோயாளியின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் ஒட்டுண்ணி, அடுத்தவருக்குத் தொற்றும் நிலையை அடையச் சுமார் பத்து நாள் ஆகிறது. அதுவரை உயிரோடிருக்கும் கொசுவால்தான் நோயைப் பரப்ப முடியும். நாள்தோறும் பத்துக் கொசுவுக்கு ஒன்று சாகிறதென்றால், நூற்றில் 35 கொசுக்கள் பத்து நாளைத் தாண்டும். பத்துக்கு இரண்டு செத்தால், தாண்டுபவை 11 மட்டுமே. கொசுவை அடியோடு அழிக்காமலேயே, சுவரில் தெளிக்கும் மருந்தால் அதன் ஆயுளைக் குறைத்து நோயை அடக்கலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

இந்த வெற்றியே தளர்ச்சிக்கும் வழி செய்தது. நோயாளிகள் அருகியதும் மருந்தடிப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டது. காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைச் சோதிப்பதிலும் வேகம் குறைந்தது. கொள்ளைநோய் திரும்பியபோது பழைய மருந்தும் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. டி.டி.டி.யைத் தாங்கும் திறனைக் கொசு பெற்றுவிட்டதால், 1970களில் மாலத்தியான் என்ற வேறொரு பூச்சிமருந்துக்கு மாற நேர்ந்தது.

அடுத்து வந்த தலைமுறை பாடம் கற்றது. ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடித்தது. அவர் வசிப்பிடத்தைச் சுற்றிக் கொசுக்களை ஆராய்ந்தது. 2012 அக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்க் கிணறுகளில் அதுவரை அந்நாட்டில் காணப்படாத அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியாக் கொசு சிக்கியது. சான்றிதழ் வந்த பிறகும் தேடலை நிறுத்தாததால்தான் அது கண்ணில் பட்டது.

சென்னைக்கு இந்தக் கொசு பழக்கமானது. கிணற்றிலும், மூடி விரிசல் விட்ட மாடித் தொட்டியிலும், கட்டுமான இடத்தில் பிடித்துவைத்த நீரிலும் அது வளரும். பணியாளர் அகப்பையில் நீரை மொண்டு பார்க்கும்போது, மற்றக் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவோ நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கும். மூச்சுக்குழல் இல்லாததால் வந்த கிடை அது. அந்த ஒரு பார்வையில் அது அனாபிலிஸ் என்பது பிடிபடும்.

2012இல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்ட ஸ்டீபன்சி பிறகு எத்தியோப்பியாவுக்கும் பரவியது. 2022இல் அங்கே டிரே டாவா நகரில் வறண்ட காலத்திலேயே மலேரியா பெருகியதற்கு இதுவே காரணமென ஆய்வாளர்கள் காட்டினர். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்த மலேரியா, நகரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் வந்துவிட்டது.

ஆகவே, இந்த மலேரியாக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போர் எந்த நீர்நிலையில், எந்த மாதத்தில், எந்த இனப் புழுவைக் கண்டனர் என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். எந்த மருந்துக்கு அது சாகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மலேரியா நோயாளி ஒருவர்கூட இல்லாத மாவட்டங்களிலும் கொசுத் தேடலுக்கு ஆளும் நிதியும் ஒதுக்குமாறு அரசுகளைக் கோரும் தீர்மானத்தை இக்கருத்தரங்கு ஒருமனதாக நிறைவேற்ற வேண்டும்.